சோக்கை இழுத்தால் ஒழுங்காக ஓடும் மாருதி 800

வாசகர் கேள்வி: நான் சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். என்னிடம் 1992-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது, கார்ப்ரேட்டர் வண்டி. வாரத்துக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுக்கிறேன். சில மாதங்களாக இரண்டு தொல்லைகள். நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடனே எழும்பாமல், இரண்டு முறை வெட்டிவிட்டுத்தான் கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு சிக்னலில் நின்றால் தானாக அணைந்துவிடுகிறது; செல்ஃப் நன்றாகச் சுற்றினாலும் எஞ்சின் பிடிப்பதில்லை. கால் மணி நேரம் விட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பிளக், பிளாட்டினம் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் முனைகள்), பெட்ரோல் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிட்டேன். ஒரு மெக்கானிக் புது கார்ப்ரேட்டர் போடச் சொல்கிறார்; இன்னொருவர் எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். சோக்கைப் பாதி இழுத்து வைத்து ஓட்டினால் வெட்டு குறைகிறது. ஏற்காட்டிலுள்ள மகள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை போக வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் சோக் பற்றிய அந்த ஒரு வரி, இதுவரை மாற்றிய மூன்று உதிரிகளையும்விட அதிகம் சொல்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்ப்ரேட்டர்; அதன் வாயில் காற்றை மறிக்கும் ஒரு தகடுதான் சோக். அதைப் பாதி மூடினால் உள்ளே இழுக்கப்படும் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்குத்தான் அது தேவை. நல்ல நிலையிலுள்ள வண்டி சூடான பிறகு சோக்கை இழுத்தால் எஞ்சின் திணறிக் கரும்புகை விட வேண்டும். உங்கள் வண்டி அதற்கு நேர்மாறாகச் சீராக ஓடுகிறது என்றால், சாதாரண நிலையில் அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று பொருள். பட்டறைகளில் இதை ‘லீன்’ என்பார்கள். தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்குகளால் இந்த அறிகுறி வராது என்பதால், எஞ்சினை இறக்கும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அதே சமயம், நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளையும் ஒரே நோயின் இரண்டு முகங்களாக முன்கூட்டியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதிக்கும்போது வெட்டுவது ஒரு புகார். சூடானபின் நின்று, ஆறியபின் கிளம்புவது இன்னொரு புகார். முப்பது வயதைத் தாண்டிய வண்டியில் இரண்டு தனித்தனிப் பழுதுகள் ஒரே காலத்தில் இருப்பது மிகவும் சாதாரணம். முதல் புகாரை வீட்டு வாசலில், நிதானமாகச் சோதிக்கலாம். இரண்டாவதை அது நிகழும் அந்தச் சில நிமிடங்களுக்குள் மட்டுமே சோதிக்க முடியும். இதுவரை உங்கள் வண்டியைப் பார்த்த இருவரும் அது ஆறி, ஒழுங்காக ஓடும் நிலையில்தான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்; அதனால்தான் ஒருவருக்குக் கார்ப்ரேட்டரும் மற்றவருக்கு எஞ்சினும் குற்றவாளியாகத் தெரிகின்றன.

முதல் புகாரிலிருந்து தொடங்குவோம். எதையும் கழற்றுவதற்கு முன், அருகிலுள்ள புகைச் சோதனை மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். சான்றிதழ் காலாவதி ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கருவி காட்டும் இரண்டு எண்கள்தான் நமக்கு வேண்டும். உங்கள் வண்டி போன்ற பழைய பெட்ரோல் கார்களுக்கு, ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம்முக்குள்ளும் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) இருக்க வேண்டும் என்பது சட்ட வரம்பு. கார்பன் மோனாக்சைடு மிகக் குறைந்து அரை சதவீதத்துக்கும் கீழே கிடக்க, ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால், கலவை பெட்ரோல் இல்லாமல் மெலிந்துபோய்ச் சிலிண்டரில் முழுதாக எரியாமலே வெளியேறுகிறது என்று அர்த்தம். இரண்டுமே உயர்ந்திருந்தால் நிலைமை நேர்மாறு. அப்போது நான் மேலே சொன்னதையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு நடுத்தரமாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் மிகவும் கூடியிருந்தால் பற்றவைப்புப் பக்கம் திரும்ப வேண்டும். சோதனைக்கு முன் வண்டி நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் முழுதாக உள்ளே இருக்க வேண்டும், குழாயைச் சைலன்சருக்குள் ஆழமாக நுழைக்கச் சொல்ல வேண்டும். ஓரமாகச் செருகிவிட்டு அச்சடித்துக் கொடுக்கும் தாள் சான்றிதழுக்கு உதவும், நோயறிய உதவாது. சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து எண்கள் பொய்யாகக் குறையும்.

அடுத்து ஆக்சிலரேட்டர் பம்ப். திடீரென்று மிதிக்கும்போது காற்று உடனே பாய்ந்துவிடும். ஜெட் என்னும் அளவுத்துளை வழியாக வரும் பெட்ரோல் ஒரு நொடி பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்பவே, மிதித்த கணத்தில் கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய பம்ப் ஒன்று கார்ப்ரேட்டரில் இருக்கிறது. அது சோம்பினால் வண்டி நீங்கள் சொல்வதுபோலவே வெட்டும். இதைப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டர் மூடியை எடுத்துவிட்டுக் கார்ப்ரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்க வேண்டும். மிதித்த அதே கணத்தில், மெல்லிய பித்தளை மூக்கிலிருந்து பெட்ரோல் ஒரே கோடாக, விசையுடன் பாய்ந்து எதிரே தெறிக்க வேண்டும். கோடு வராமல் சொட்டாக ஒழுகினாலோ, மிதியடி கால்வாசி இறங்கிய பிறகுதான் பாய்ந்தாலோ, முதல் முறை வந்து அடுத்தடுத்த முறை வராமல் போனாலோ, பம்பின் டயஃப்ரம் என்னும் சவ்வு விறைத்திருக்கிறது அல்லது அதன் சிறு வால்வில் கசடு தங்கியிருக்கிறது. சர்வீஸ் கிட்டில் இந்த டயஃப்ரம் வரும். அதற்காக முழுக் கார்ப்ரேட்டரை மாற்ற வேண்டியதில்லை. இந்தச் சோதனையின்போது பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, இக்னிஷனும் போட்டிருக்கக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், உதவிக்கு நிற்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பம்ப் நன்றாக இருந்தால், கள்ளக் காற்றைத் தேட வேண்டும். கார்ப்ரேட்டருக்கும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே, எஞ்சின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் ஒரு தடித்த இன்சுலேட்டரும் அதன் இருபுறமும் பேக்கிங்கும் இருக்கின்றன. வருடக்கணக்கில் நட்டுகளை இறுக்கி இறுக்கி, கார்ப்ரேட்டரின் அடிப்பாகம் மெல்ல வளைந்துபோவது இந்த வண்டிகளில் வழக்கமாகக் காணும் ஒன்று. வளைந்த இடத்தில் முடி அளவு இடைவெளி இருந்தாலும், ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசை மிக அதிகம் என்பதால், தாராளமாகக் காற்று நுழைந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயால் அந்தப் பேக்கிங்கைச் சுற்றிலும் மேனிஃபோல்டு இணைப்புகளிலும் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் தெளித்தவுடன் எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்ப்ரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளித்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் இந்த எஞ்சினில் அதை நான் ஆதரிப்பதில்லை. கூடவே, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள். மேலோட்டமாகக் கறுப்பாக, நன்றாகத் தெரிவது, வளைத்தால் நிப்பிளின் கழுத்தருகே வாய் பிளக்கும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பகிர்ந்தளிப்பது டிஸ்ட்ரிப்யூட்டர். அந்த ஹோஸ்களில் ஒன்று, அதன் பக்கவாட்டில் இருந்து உறிஞ்சும் விசையால் ஸ்பார்க்கின் நேரத்தை மாற்றும் வட்டமான வாக்குவம் யூனிட்டுக்குப் போகிறது. அதை யூனிட்டின் பக்கத்திலேயே விட்டுவிட்டு, மறுமுனையைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே தட்டு சற்றே திரும்பி, நீங்கள் விடும்வரை அங்கேயே நிற்பதைக் காணலாம். திரும்பாமலோ, திரும்பி உடனே பின்வாங்கினாலோ டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது கள்ளக் காற்றுக்கும் வழி, மிதிக்கும்போது ஸ்பார்க் முன்கூட்டி வராமல் வண்டி மந்தமாவதற்கும் காரணம். இதே சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாட்டினத்திலிருந்து வரும் மெல்லிய வயர் அந்தத் தட்டோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான முறை அசைந்து, வெளி உறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்திருக்கும். தட்டு ஒரு நிலையில் இருந்தால் தொடர்பு இருக்கும், திரும்பினால் அறுபடும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழற்றிக் கழுவிய பட்டறைகள் நிறைய. வயரை விரல்களால் மெல்ல இழுத்தால், அறுந்த வயர் ரப்பர்போல் நீளும். நல்ல வயர் நீளாது.

பெட்ரோலைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கார்ப்ரேட்டர் வடிவமைக்கப்பட்டபோது இருந்த பெட்ரோல் இப்போது பங்க்கில் கிடைப்பதில்லை. நம் நாட்டில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் சராசரியாக 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலப்புக்கு அது சுமார் 13.5 ஆகிறது. புதிய வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து அதிகப் பெட்ரோலைத் தெளிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். உங்கள் வண்டியில் இருப்பது பித்தளையில் துளையிட்ட ஜெட். அது பழைய கணக்குப்படியே அளந்து விடும். ஆகவே எதுவும் பழுதாகாமலே கலவை சுமார் எட்டு சதவீதம் மெலிந்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள கார்ப்ரேட்டர் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கொஞ்சம் கள்ளக் காற்றும் சோம்பிய பம்பும் இருக்கும் வண்டியில், இந்த எட்டு சதவீதம் சேர்ந்தவுடன் வெட்டு வெளியே தெரிகிறது. உங்கள் தொல்லை சில மாதங்களாகத்தான் என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

ஆனால் இதைச் சாக்காக வைத்து ஜெட்டை ஊசியாலோ கம்பியாலோ குடைந்து பெரிதாக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மற்ற எல்லாம் சரியான பிறகும் மெலிவு மிச்சம் இருந்தால், ஒரு படி பெரிய எண்ணுள்ள மெயின் ஜெட்டை வாங்கிப் போட்டு, மீண்டும் புகைச் சோதனையில் எண்களைப் பார்ப்பதே முறை. எத்தனாலின் மற்ற இரண்டு குணங்களும் உங்களைப் பாதிக்கக் கூடியவை: பழைய ரப்பரை அது உப்பவோ விறைக்கவோ செய்யும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வாரம் நிற்கும் வண்டியில், பாதி காலியான டேங்க்கில், இந்த ஈரம் சேர்கிறது. கார்ப்ரேட்டரைத் திறக்கும்போது பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், உலோகமே அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பொடிதான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டை அடைக்கும்.

இனி இரண்டாவது புகார். இதில் முதலில் நீங்களே விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வண்டி அணையும்போது சாவியைத் திருகி அணைத்ததுபோல் ஒரே வெட்டில் அணைகிறதா, அல்லது இழுத்து இழுத்து, திணறி, ஓய்ந்து அணைகிறதா? சட்டென்று அணைந்தால் மின்சாரப் பக்கம் சந்தேகிக்க வேண்டும். திணறி அணைந்தால் பெட்ரோல் பக்கம். இது நூற்றுக்கு நூறு நம்பத்தக்க விதி அல்ல, ஆனாலும் எங்கே தொடங்குவது என்பதை முடிவு செய்ய உதவும்.

சிக்னலில் நின்றுபோகும் வண்டியை ஆராய முடியாது. ஆகவே அது எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்போம். மாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டு முற்றத்துக்கு வந்து, பானட்டை மூடியபடியே ஐட்லிங்கில் விடுங்கள். மூடிய இடமாக இருக்கக் கூடாது. புகை வெளியேற வேண்டும். துணைக்கு ஒருவரும், ஒரு பழைய பிளக்கும், டார்ச்சும் தயாராக இருக்கட்டும். இந்த நேரத்தில் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழன்று நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது சுழலாமலே இருந்தால் மற்ற ஆராய்ச்சியை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சின் அணைந்தவுடன் செல்ஃபைச் சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டு, அதன் பிறகு வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், டேங்க்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. நின்ற கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து சமநிலை திரும்புவதால் மறுபடி ஓடுகிறது. கடையில் பொருந்துகிற ஏதோ ஒரு மூடியை மாற்றிப் போட்ட வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவதாகப் பானட்டைத் திறந்து கார்ப்ரேட்டரின் பக்கத்திலுள்ள சிறிய வட்டக் கண்ணாடியைப் பாருங்கள். ஃப்ளோட் அறையில் பெட்ரோல் எவ்வளவு நிற்கிறது என்பதை அது காட்டும். நடுவிலுள்ள குறியின் அளவில் மட்டம் இருக்க வேண்டும். முப்பது ஆண்டு அழுக்கு ஏறி அது குருடாகியிருந்தால், முன்னதாகவே துடைத்து வையுங்கள். அணைந்த கணத்தில் அந்த மட்டம் குறிக்குக் கீழே போயிருந்தால், ஸ்பார்க்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெட்ரோல் வந்து சேரவில்லை. மட்டம் சரியாக இருந்தால் ஸ்பார்க்கைச் சோதிக்க வேண்டும். மட்டம் குறியைத் தாண்டி, கார்ப்ரேட்டர் தொண்டையில் பெட்ரோல் வாசனையும் ஈரமும் இருந்தால், சூட்டில் பொங்கி வழிந்து எஞ்சின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது; அப்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் எடுத்தால் பிடிக்கும்.

மூன்றாவதாக ஸ்பார்க். உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டரின் நடுவுக்கு வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்தில் பிடுங்கி, தயாராக வைத்திருக்கும் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உடலை எஞ்சினின் உலோகத்தோடு அழுந்தப் பிடித்து வைக்கும்படி ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டு, கார்ப்ரேட்டரிலிருந்து நன்றாகத் தள்ளி, செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பகலிலும் தெரியும்படி நீலமாக, ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு ஸ்பார்க் பாய வேண்டும். மஞ்சளாக, மெலிதாக, சத்தமின்றி வந்தாலோ வராமலே போனாலோ விஷயம் பிடிபட்டுவிட்டது.

அப்படியானால் என் முதல் சந்தேகம் கண்டென்சர்மேல். நீங்கள் பிளாட்டினத்தை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். கண்டென்சரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பிளாட்டினம் திறக்கும் கணத்தில் மின்சாரம் அங்கே தீப்பொறியாகத் தாவாமல் இழுத்துக்கொள்வதுதான் இந்தச் சிறு உருளையின் வேலை. அதன் உள்ளிருக்கும் தாள் சூட்டில் கசியத் தொடங்கினால், குளிரில் நன்றாகவும் சூட்டில் மோசமாகவும் வேலை செய்யும். புதிய பிளாட்டினத்தை இப்போது திறந்து பாருங்கள். ஒரு முனையில் மேடும் மறுமுனையில் குழியுமாக, நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரை மாற்றிவிட வேண்டும். அது மிக மலிவான பொருள்தான். பிளாட்டினத்தின் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும்படி ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) வைத்து அமைக்கச் சொல்லுங்கள். கண்ணளவில் அமைப்பவர்களில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள், உண்மைதான். இன்று பிளாட்டினத்தையே அரிதாகப் பார்க்கும் இளம் மெக்கானிக்குகளிடம் அந்தக் கைப்பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இன்னொன்று: கடைகளில் கிடைக்கும் புதிய கண்டென்சர்களில் தரமற்றவை நிறைய. புதியதைப் போட்டும் தொல்லை தொடர்ந்தால், ‘அதை மாற்றியாகிவிட்டது’ என்று அந்தப் பக்கத்தை மூடிவிடாமல் இரண்டாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகே காயில். காயிலின் தடையை மல்டிமீட்டரில் ஆறியபோதும் சுடச்சுடவும் அளந்தால், உள்ளே சுற்று விடுபடுகிறதா என்பது தெரியும்.

கண்ணாடியில் பெட்ரோல் மட்டம் இறங்கியிருந்தால் வேறு வழியில் போக வேண்டும். உங்கள் வண்டியின் பெட்ரோல் பம்ப் கேம்ஷாஃப்ட்டால் இயங்குவது. எஞ்சின்மேலேயே உட்கார்ந்து அதன் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, பின்னாலுள்ள டேங்க்கிலிருந்து நீண்ட குழாய் வழியாக உறிஞ்ச வேண்டியது. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பம்பைத் தாண்டிய பிறகு ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், வாசனை வரும், யாரும் கண்டுபிடிப்பார்கள். பம்புக்கு முன்னால் வெடிப்பு இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பதுபோல் காற்றைத்தான் இழுக்கும். டேங்க்கின் மேலும், வண்டியின் அடியிலும், ஃபில்டருக்கு இருபுறமும் இருக்கும் சிறு ரப்பர்த் துண்டுகள் அனைத்தையும், நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும், எத்தனாலைத் தாங்கும் இன்ஜெக்‌ஷன் தர ஹோஸாக மாற்றிவிடுங்கள். கிளிப்புகளும் புதிதாக இருக்கட்டும். நீங்கள் ஃபில்டர் மாற்றியபோது பழைய கிளிப்பையே முறுக்கிப் போட்டிருந்தால், காற்று அங்கேயே நுழையலாம்.

ஹோஸ்கள் எல்லாம் சரியாக இருந்தும் மட்டம் இறங்கினால் ஆவியடைப்பு, அல்லது பம்பின் டயஃப்ரம் தளர்ச்சி. குழாயிலுள்ள பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியையே முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கும். பத்து சதவீத அளவில் எத்தனால் கலந்தாலே பெட்ரோல் ஆவியாகும் தன்மை கூடிவிடும் என்பதால், பழைய வண்டிகளில் இது முன்பைவிட எளிதாக நேர்கிறது. மலைப்பாதைகளில் அம்பாசடர் ஓட்டியவர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். நீங்களும் அணைந்த எஞ்சினில் பம்பின்மேல் ஈரத்துணி வைத்துப் பாருங்கள், டிஸ்ட்ரிப்யூட்டரில் தண்ணீர் சொட்டாதபடி. கால் மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் நோய் உறுதி. நிரந்தரத் தீர்வு ஈரத்துணி அல்ல. புது பம்ப், அதன் அடியிலுள்ள தடித்த இன்சுலேட்டர் இடம் மாறாமல் இருப்பது, டேங்க்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய் அடைபடாமல் இருப்பது ஆகிய மூன்றும்தான். ரிட்டர்ன் குழாய் வழியாகப் பெட்ரோல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் அது ஓரிடத்தில் நின்று சூடாவதில்லை. எப்போதோ யாரோ அதை அடைத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு உங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஐட்லிங்கில் மட்டும் அணைந்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்றால், கார்ப்ரேட்டரில் வயரோடு இருக்கும் சொலினாய்டைப் பாருங்கள். சாவியைப் போட்டவுடன் அது ‘டக்’ என்று ஒலிக்க வேண்டும். சூடான நிலையில் அந்த ஒலி வராவிட்டால் ஸ்லோ ஜெட்டின் வழி மூடியே இருக்கிறது. உங்கள் கடிதத்தின்படி வண்டி சுத்தமாகவே பிடிப்பதில்லை என்பதால், இதற்கு வாய்ப்பு குறைவு.

புது கார்ப்ரேட்டர் பற்றி என் கருத்து இது: உங்கள் வண்டியோடு வந்த கார்ப்ரேட்டரின் த்ராட்டில் தண்டு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) ஆட்டம் கொடுக்காமல் இருக்கும்வரை அதை விட்டுவிடாதீர்கள். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தெளிவாக ஆடினால், அங்கேயும் கள்ளக் காற்று நுழையும். அதற்குப் புஷ் போட்டுத் தரும் லேத் பட்டறைகள் சேலத்திலேயே இருக்கின்றன. ஆடவில்லை என்றால் நல்ல சர்வீஸ் கிட், அடிப்பாகத்தைச் சமமாக்கல், சுத்தம் இவையே போதும். சந்தையில் புதியது என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, ஜெட் அளவே சரியில்லாத நகல்கள். எஞ்சினை இறக்கச் சொன்னவரிடம், அதற்கு முன் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) அளந்து எண்களை எழுதித் தரும்படி கேளுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பேச்சு முடிந்தது. ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தாலும், முதலில் வால்வு இடைவெளியைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

ஏற்காட்டுப் பயணத்தை, சூடானபின் நிற்கும் தொல்லை தீரும்வரை இந்த வண்டியில் செய்யாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், பின்னால் பேருந்து நிற்கும்போது எஞ்சின் அணைந்தால், கால் மணி நேரம் காத்திருக்க இடம் இருக்காது. ஏற்கெனவே போய் வந்த பயணங்களை நினைவுபடுத்திப் பாருங்கள்: மேலே சென்ற பிறகு, நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது, மிதித்தால் வெட்டும் தொல்லை கீழே சேலத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருந்ததா? சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் கார்ப்ரேட்டர் தானாகவே சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரும். அங்கே வெட்டு குறைந்திருந்தால் சோக் சொன்ன அதே செய்தியை மலையும் சொல்கிறது. ஏற்றத்தில் இழுவை குறைந்து, சமதளத்தில் சரியாகியிருந்தால் பெட்ரோல் பம்பின் தளர்ச்சியை முதலில் பாருங்கள். ஏற்றத்தில்தான் எஞ்சின் தொடர்ந்து அதிகப் பெட்ரோல் கேட்கும்.

செலவின் வரிசைப்படி பார்த்தால் நாளையே கண்டென்சரையும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடலாம். இவை இரண்டும் எப்படியும் மாற்ற வேண்டியவை. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, முற்றத்துச் சோதனையைச் செய்துவிட்டு, அதன் பிறகு மற்றதை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது, தொல்லை திரும்பி வரும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். டேங்க்கில் பழைய பெட்ரோல் தங்கியிருந்தால் அதை ஓட்டித் தீர்த்துவிட்டு, விற்பனை அதிகமுள்ள பங்க் ஒன்றில் புதிதாக நிரப்பி, அதன் பிறகு சோதனைகளைத் தொடங்குவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் மீண்டும் எழுதுங்கள். அப்போது புகைச் சோதனையின் இரண்டு எண்கள், அணைந்த கணத்தில் கண்ணாடியில் தெரிந்த மட்டம், ஸ்பார்க்கின் நிறம், வண்டி சட்டென்று அணைந்ததா திணறி அணைந்ததா என்ற விடை ஆகியவற்றைக் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். கழற்றிய பழைய பிளக்குகளை இன்னும் எறியாமல் வைத்திருந்தால், அவற்றின் முனை வெளுத்திருக்கிறதா, பழுப்பா, கறுப்பா என்பதையும் சிலிண்டர் வரிசைப்படி குறிப்பிடுங்கள்.